அண்ணன் சொல்லாத பதில்

என் அண்ணனுக்கு வேலை பார்த்த இடத்தில் மின்னல் என்று பெயர். ஆளுக்கும் பெயருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நடந்தால் ஊர்வலம் போகிற மாதிரி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. அவர் குளிக்கப் போனால் வீட்டில் மற்றவர்கள் அன்றைக்குக் குளியலை மறந்துவிட வேண்டியதுதான். மின்னல் என்பது அவருடைய விரல்களுக்கு வைத்த பெயர்.

ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் அவருக்கு வேலை. தலைமுடி கறுப்பாக இருந்தபோது போய் உட்கார்ந்தவர், பாதி கொட்டி, மீதி நரைத்த பிறகுதான் எழுந்து வந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி, அதன் ஒரு சக்கரம் எப்போதும் சண்டித்தனம் செய்யும். தடுப்பில் கை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஊரே வரிசையில் நிற்கும். அண்ணன் திரையைப் பார்க்க மாட்டார், கீபோர்டையும் பார்க்க மாட்டார். டிக்கெட் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். கை தன்பாட்டுக்கு ஓடும். அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்குமுன் டிக்கெட் அச்சாகி வந்துவிடும்.

அந்தக் காலத்துத் திரை கறுப்பு, எழுத்து பச்சை. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆனால் அதில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. முந்தைய ஆளின் பெயரும் வயதும் திரையிலேயே தங்கிவிடும். துடைக்காமல் அடுத்தவருக்கு டிக்கெட் போட்டால் பழைய பெயரிலேயே வந்து தொலைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் அப்படி மாட்டியிருக்கிறார். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவளுக்கு முன்னால் நின்ற தொண்டுகிழவரின் பெயரில் டிக்கெட் போய்விட்டது. வழியில் பரிசோதகர் அவளை இறக்கிவிட்டார். பெண்ணின் அப்பா திரும்பி வந்து கவுண்டரில் நின்று கேட்ட கேள்வியில் அண்ணனுக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம். கீபோர்டின் இடது மேல் மூலையில் எஸ்கேப் கீ இருக்கிறதே, ஒவ்வொரு புது ஆளுக்கும் முன்னால் அதை இரண்டு தடவை தட்டுவார். பிறகுதான் மற்றது. "ஒரு தடவை தட்டினா போதாதா?" என்று நான் கேட்டேன். "ஒரு தட்டுக்குப் பேரு போகும், வயசு போகாது. ரெண்டாவது தட்டுலதான் முழுசா துடைக்கும்" என்றார். அந்தக் கவுண்டரில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் தட்டினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அடிபட்டுத்தான் பழகினார்கள். அண்ணனுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிற்று. வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால்கூட, பதில் சொல்லுமுன் இடது கை விரல் மேசையை இரண்டு தடவை தட்டும். "முந்தின ஆளைத் துடைக்கிறியா?" என்று அண்ணி கேலி செய்வாள்.

நடுவில் கவுண்டருக்குப் புது மென்பொருள் வந்தது. ஒரே வண்ணமயம். பழைய திரையில் ஒன்பதாம் எண் கீயை அழுத்தினால் டிக்கெட் அச்சாகும். புதியதில் அதே கீயை அழுத்தினால் ஆளையே வெளியே தள்ளிவிடும். மறுபடி பெயர், ரகசியச் சொல் எல்லாம் கொடுத்து உள்ளே வர வேண்டும். வரிசையில் நிற்கிறவன் சும்மா இருப்பானா? "மின்னலுக்கு மேகம் கட்டிக்கிச்சு" என்று கேலி பேசியிருக்கிறார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்ப்பார். "பூட்டை மாத்துறது அவங்க இஷ்டம். மாத்தினா வீட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? நான் பழைய சாவியை வச்சுத் திருகிட்டு நிக்கிறேன்" என்பார். அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அது வெறும் வேலைத் தொல்லைதானே.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பவள். கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், அதை நான் மறைப்பதில்லை. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தைப் போட்டு, அதன் கீழே 'சரி' என்று மட்டும் ஒரு பட்டன் வைக்கிறவர்களை நான் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் வயசாகும், அவர்களும் என் கடைக்குத்தான் வர வேண்டும்.

அண்ணி போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளைத் தாயும் தகப்பனுமாக வளர்த்தார் என்று சொன்னால் அது சும்மா ஊர் வார்த்தை. அவருக்குத் தலை பின்னத் தெரியாது, நான்தான் பின்னிவிட்டேன். ஆனால் அவள் பேசினால் அண்ணன் கேட்பார். கவுண்டரில் ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு வந்த காது, இரவுச் சாப்பாட்டில் அவளுடைய வகுப்புக் கதை முழுவதையும் கேட்கும். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் பாப்பாதான்.

அந்தப் பாப்பா ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாள். அண்ணன் அவனை இரண்டு தடவைதான் பார்த்தார். "பையன் நல்லாத்தான் பேசுறான். ஆனா நீ ஒரு வார்த்தை பேசினா, எதுக்குப் பேசினேன்னு கேக்குறான். கவனிச்சியா?" என்றார். அவள் கவனிக்கவில்லை. கவனிக்கிற வயசும் இல்லை. பேச்சு வளர்ந்து, கடைசியில் அண்ணன், "போனா போனதுதான். அப்புறம் இந்த வாசப்படி பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எல்லா அப்பாக்களும் சொல்கிற வார்த்தைதான் அது. அவள் போய் அவனையே கட்டிக்கொண்டாள். நாலு மாதம் போனால் தானாகக் கரைந்துவிடும் என்று நான் நினைத்தேன்.

கரையவில்லை. அதற்குள் அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. முற்றிய நிலையில்தான் கண்டுபிடித்தார்கள். குரல்வளையை மொத்தமாக எடுத்து, கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். ஆக, அண்ணன் தன் சொந்தத் தொண்டையால் மகளிடம் சொன்ன கடைசி வார்த்தை 'வராதே' என்று ஆகிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் அதை நினைத்துத்தான் அழுதார். சத்தம் வராமல் ஒரு ஆண்பிள்ளை அழுவதைப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

நான் அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவளால் வர முடியவில்லை. மாப்பிள்ளை அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. கணக்குக் கேட்கிறவன். யாரோடு பேசினாய், ஏன் இவ்வளவு நேரம், அந்த மெசேஜில் ஏன் அப்படி எழுதினாய், இதற்கு முன்னால் ஏன் சொல்லவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டே இருப்பான். பதில் பிடிக்காவிட்டால் வாரக்கணக்கில் பேச மாட்டான். அவள் வேலையை விட்டது அப்படித்தான், சிநேகிதிகளை விட்டதும் அப்படித்தான். இதையெல்லாம் ஒருநாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவளே அழுதுகொண்டு சொன்னாள். "மெசேஜ் மட்டும் அனுப்பாதீங்க அத்தை, அவர் எல்லாத்தையும் பார்ப்பாரு" என்றாள். நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குப் பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். ஒரு டேப்லெட், அதோடு ஒட்டினாற்போல சின்ன கீபோர்டு. நாம் தட்டெழுதி என்டரை அழுத்தினால் அது வாய்விட்டுப் படிக்கும். அறுவைச் சிகிச்சையில் தோள் நரம்பு ஒன்று போய்விட்டதால் பேனா பிடித்தால் அண்ணனுக்குக் கை உதறும், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் மணிக்கட்டை மேசையில் ஊன்றிவிட்டால் விரல்கள் பழைய மின்னல்தான். குரல் மட்டும் யாரோ ஒரு இளைஞன் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும். பாப்பா அடுத்த தடவை போன் செய்தபோது அவளுக்கும் இதைச் சொல்லி வைத்தேன். "உனக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் போல இருக்கே" என்று நான் கேலி செய்தேன். இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ஜாதகம் மட்டும் கேட்காதே" என்று வானிலைக் குரலில் சொன்னார். நாங்கள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தது அன்றுதான்.

ஆமாம், அந்த இரண்டு தட்டு இங்கேயும் வந்துவிட்டது. பேச ஆரம்பிக்குமுன் விரல் தானாக எஸ்கேப் கீக்குப் போகும். அந்த மென்பொருளில் அந்தக் கீக்கு வேலை எதுவும் கிடையாது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர் தட்டுவதை அவரே உணர்ந்திருக்க மாட்டார்.

பிறகு ஒருநாள் காலையில் அண்ணன் டேப்லெட்டைத் திறந்தபோது திரை மாறியிருந்தது. யாரும் கேட்காமல், அதுவாக இரவில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. நீல வானம், சிரிக்கிற முகம், பெரிய பெரிய படங்கள். நடுவில் ஒரு பெட்டியில் மாற்றங்களைப் பற்றிப் பொடி எழுத்தில் எழுதி, கீழே 'சரி' என்று ஒரே ஒரு பட்டன். அண்ணன் சரி என்றார். வேறென்ன சொல்ல முடியும்? அன்றைக்கு அதுவரை அவர் பேசுவதற்கு ஆளும் இல்லை. நான் கடையில் இருந்தேன்.

அந்தப் பொடி எழுத்தில் இருந்ததை நான் பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 'விரைவு வாக்கியங்கள்' என்று ஒரு புது வசதி. நோயாளியைச் சுற்றி ஆட்கள் தொந்தரவு செய்தால் அவர் மெனக்கெட்டு எழுத வேண்டாமாம், எஸ்கேப் கீயை இரண்டு தடவை தட்டினால் போதுமாம். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். அந்த நல்ல எண்ணத்தில் இடி விழ.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு டேப்லெட் பக்கத்தில் வைத்தார். அவள்தான்.

"அப்பா, நான்தான் பேசுறேன். இங்க ஒரு பழக்கடை அம்மா போனை வாங்கிப் பேசுறேன். பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். அவருக்குத் தெரியாது, வேலைக்குப் போயிருக்காரு. அப்பா, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"

அண்ணனின் இரண்டு கையும் கீபோர்டுக்குப் போயின. விரல் இரண்டு தடவை தட்டியது. அடுத்த எழுத்தை அவர் தொடுமுன்பே வானிலைக் குரல் உரக்கச் சொல்லியது.

"போதும். தயவுசெய்து என்னைத் தனியாக விடுங்கள்."

அண்ணனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. சுதாரித்துக்கொண்டு எழுதப் போனால் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. 'நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்களா? மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்' என்று எழுதி, அதன் நடுவில் ஒரு வட்டம் மெல்ல மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. அது நிறைந்து முடியும்வரை ஒரு கீயும் வேலை செய்யாது. மூடுகிற பட்டனும் கிடையாது. கழுத்துத் துளையால் மூச்சு வாங்குகிற மனுஷனுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கிறது அந்தச் சனியன்.

அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள். அண்ணன் வேறு வழியில்லாமல் மேசையைத் தட்டினார், ஓங்கித் தட்டினார், நான் இருக்கிறேன், வைக்காதே என்று. அவளுக்கு அது அப்பா கோபத்தில் மேசையைக் குத்துகிற சத்தமாகக் கேட்டிருக்கிறது.

"சரிப்பா. புரியுது. உடம்பைப் பார்த்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வட்டம் நிறைந்தது, பெட்டி போயிற்று. இந்தத் தடவை அண்ணன் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் எழுதிவிட்டு, அதே எண்ணுக்குத் திருப்பி அடித்தார். எடுத்த குரல் யாருடையது என்று கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. எழுதி வைத்திருந்ததை என்டர் தட்டிவிட்டார். "வா பாப்பா. உடனே வா. உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று இளைஞன் குரலில் அது பேசியது. "காலங்காத்தால எவன்டா நீ, செருப்பு பிஞ்சிடும்" என்று பழக்கடை அம்மா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் நான் போனபோது அண்ணன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை எழுதிக் காட்டினார். அதைப் பேசவிடாமல் திரையை என் பக்கம் திருப்பினார். நான் என் போனிலிருந்து பழக்கடைக்கு அடித்தேன். "அந்தப் பொண்ணா? பேசி முடிச்சதும் அப்படியே உக்காந்துட்டுதுங்க. தண்ணி குடுத்தேன், வேணாம்னுட்டுது. அப்புறம் எழுந்து வந்த வழியே போற பஸ்லதான் ஏறிச்சு" என்றாள்.

மறுநாள் அவள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை எடுத்தான். பிறகு அவளிடம் கொடுத்தான், பக்கத்திலேயே நின்றான் என்பது அவள் குரலில் தெரிந்தது. "நல்லா இருக்கேன் அத்தை. ஒண்ணும் விசேஷம் இல்ல" என்றாள். சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவளே என் கடைக்கு அடித்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கீபோர்டு, புதுப்பித்தல், இரண்டு தட்டு, வட்டம்.

"அத்தை, எனக்காகக் கதை சொல்லாதீங்க" என்றாள்.

"கதை இல்லடி. அது மெஷின் பேசினது."

"மெஷினுக்கு என் மேல என்ன கோவம்? முன்னாடி வராதேன்னு சொன்னாரு. அது கோவத்துல வாய் தவறி வந்துச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இது எழுத்து எழுத்தா அடிச்சுச் சொன்னதில்ல? அதுவும் விடுங்கள்னு. எங்க அப்பா என்னை எப்பவாவது வாங்க போங்கன்னு பேசியிருக்காரா அத்தை? யாரோ மூணாம் மனுஷிகிட்ட சொல்ற மாதிரி மரியாதையா சொன்னாரு."

இப்போதாவது கிளம்பி வந்துவிடு என்றேன்.

"அன்னைக்கு எப்படியோ ஒரு தைரியம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். அவருக்குச் சந்தேகம் வரலை, அது ஒண்ணுதான் நல்லது. தெரிஞ்சா நான் இந்த வீட்டுல இருக்கவும் முடியாது, வெளிய போகவும் முடியாது." பிறகு அவளே சொன்னாள். "அப்பா நேர்ல வரட்டும் அத்தை. அவர் முகத்தைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும். வான்னு அவர் சொல்லட்டும், நான் எப்படியாவது வந்துடறேன்."

அதை அண்ணனிடம் சொன்னதும் அவர் முதலில் செய்த காரியம், திருப்புளியை எடுத்து அந்த எஸ்கேப் கீயைக் கெல்லிப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்ததுதான். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அதற்குப் பிறகும் பேச ஆரம்பிக்குமுன் விரல் அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு தடவை போய்விட்டுத்தான் வரும். நான் அந்த மென்பொருள்காரர்களுக்கு ஒரு புகார் அனுப்பினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் எழுதியிருந்தேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று பதில் வந்தது. சிரிக்கிற முகம் ஒன்றும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் கிளம்பினோம். நல்லது கெட்டது விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள் மாதிரி, ஒரு பை பழம் வாங்கிக்கொண்டு. பஸ்ஸில் அண்ணன் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். சட்டையை அன்றைக்கு அவரே இஸ்திரி போட்டிருந்தார். கழுத்துத் துளையை மறைக்கிற துணியைப் புதிதாகக் கட்டியிருந்தார். அவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இறங்குமுன் டேப்லெட்டின் பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அழுத்திச் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். மாப்பிள்ளை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்கிற சமயத்தில் மெதுவாகப் பேசிவிடலாம் என்பது எங்கள் திட்டம்.

மாப்பிள்ளை மரியாதைக்காரன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். "வாங்க மாமா, வாங்கத்தை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சாப்பாட்டு மேசை, நாலு நாற்காலி, எதிரே பாதி திறந்த படுக்கையறைக் கதவு. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இளைத்திருந்தாள். அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை நகரவே இல்லை. பயணம் எப்படி இருந்தது, மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள், இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் தலையாட்டினார், நான் பதில் சொன்னேன். டேப்லெட் மேசையில் மூடியே கிடந்தது.

பிறகு அவனுக்கு வேலை இடத்திலிருந்து போன் வந்தது. எழுந்து படுக்கையறைக்குள் போனான். அவள் சட்டென்று அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். அண்ணன் கீபோர்டைத் திறந்தார். விரல் பள்ளத்துக்குள் இரண்டு தடவை போய் வந்தது. பிறகு அந்தப் பழைய மின்னல். எழுதும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் பார்த்த மாதிரியே. அவளுடைய கண் நிறைந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் என்டரைத் தட்டினார். அவள் காதால் கேட்க வேண்டும் என்று அத்தனை நாளாகக் காத்திருந்த மனுஷன் எப்படித் தட்டாமல் இருப்பார்?

நான் குறைத்தது டேப்லெட்டின் சத்தத்தை. அந்த மென்பொருளுக்கென்று தனியாக ஒரு சத்தம் இருக்கிறதாம், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது முழு அளவுக்குப் போய்விடுமாம். நோயாளியின் நன்மைக்காகத்தான். யாருக்குத் தெரியும் அது?

"பாப்பா, அன்னைக்கு நீ பஸ் ஸ்டாண்டுல பையோட நின்னு கேட்டப்ப வந்த பதில் என்னோடது இல்ல" என்று வீடு அதிரச் சொல்லியது வானிலைக் குரல். அண்ணன் பதறியடித்துக்கொண்டு திரையெல்லாம் தடவினார். நிறுத்துகிற இடம் எது என்று தெரியவில்லை. சிரிக்கிற முகத்தைத் தொட்டார், நீல வானத்தைத் தொட்டார். "நீ வா. எப்ப வேணும்னாலும் வா. இப்பவே என்கூட வா" என்று அது சொல்லிக்கொண்டே போனது. அவள் எழுந்து, மேசைக்குக் குறுக்கே சாய்ந்து, ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஒருவருடைய வாயைப் பொத்துகிற மாதிரி. கைக்குள்ளே அது மீதியையும் பேசி முடித்தது.

படுக்கையறையில் போன் பேச்சு நின்றிருந்தது. மாப்பிள்ளை கதவருகே வந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"அது அப்பாவோட மெஷின்ங்க" என்றாள். கையை இன்னும் எடுக்கவில்லை. "அப்பப்ப அதுவா எதையாவது பேசும். அன்னைக்கு நீங்க போனைக் குடுத்தப்பகூட அத்தை சொன்னாங்களே, அப்பா சொல்றது ஒண்ணு, அது பேசுறது ஒண்ணுன்னு."

அவன் அண்ணனைப் பார்த்தான். "அப்படியா மாமா?"

அவளும் அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை அது. அண்ணனின் இரண்டு கையும் கீபோர்டின் மேலேயே இருந்தன. அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, ஆமாம், அதை நான் சொல்லவில்லை என்று தலையாட்டினார்.